பழைய காரும் பெயர் மாற்றமும் – ஒரு நூற்றாண்டுக் கதை

பணம் கைமாறியது. சாவி கைமாறியது. ஆர்.சி. புத்தகமும் கைமாறியது. கார் கிளம்பிப் போய்விட்டது. இப்போது அந்தக் காருக்கு உரிமையாளர் யார்?

பணம் கொடுத்து வாங்கியவர்தான் என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்த்தால் அங்கே விற்றவரின் பெயர்தான் இருக்கும். பெயர் மாறும் வரை அந்தப் பதிவேடு அவரைத்தான் உரிமையாளர் என்று சொல்லும். நாளைக்கே அந்தக் கார் யார் மீதாவது மோதினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

சந்தையில் ஒரு உரிமையாளர், பதிவேட்டில் இன்னொரு உரிமையாளர். இந்த இரட்டை நிலை எப்படி வந்தது? வரி எங்கிருந்து வந்தது? கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் பழைய கார் வாங்குபவருக்கு இந்த வரலாறு எந்த வகையில் பயன்படும்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண் பிறந்த கதை

வண்டிக்கு எண் கொடுக்கும் வழக்கம் காரோடு சேர்ந்தே பிறந்தது. 1893ல் பாரிஸ் நகரக் காவல்துறை மோட்டார் வண்டிகளில் உரிமையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவற்றைத் தகட்டில் எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் வந்து, 1904 ஜனவரி முதல் எண் தகடு கட்டாயமானது.

இதற்கான காரணம் எளிமையானது. குதிரை வண்டிக்காரனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இடித்துவிட்டு ஓடினாலும் மறுநாள் பிடித்துவிடலாம். மோட்டார் கார் அப்படி அல்ல. புழுதியைக் கிளப்பிவிட்டு அடுத்த ஊருக்கே போய்விடும். ஓட்டியவர் முகம் தெரியாது. ஆகவே, வண்டியின் மீது ஒரு எண், அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் ஒரு பெயர் என்ற ஏற்பாடு வந்தது. "யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு விடையாகத்தான் பதிவெண் பிறந்தது. கட்டுரை முழுவதற்கும் இதுதான் அச்சாணி.

சென்னைக்குக் கார் வந்தது 1890களில். சென்னையின் முதல் பதிவெண்ணான எம்.சி. 1, சென்னைத் துறைமுகத்தை வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குத் தரப்பட்டது என்று சொல்வார்கள். இந்தியர்களில் முதலில் கார் வாங்கியவராகக் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரைக் குறிப்பிடுவார்கள்.

பிறகு 1914ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான முதல் மோட்டார் சட்டம் இது. வண்டியின் உரிமையாளர் அதைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டு கடமைகளையும் அது விதித்தது. விவரமான விதிகளை அந்தந்த மாகாணம் எழுதிக்கொண்டது.

சுங்கச்சாவடியிலிருந்து வரிக்கு...

அடுத்தது வரி. வண்டி ஓட வேண்டுமானால் சாலை வேண்டும். சாலைக்கு யார் பணம் தருவது?

பழைய சென்னை மாகாணத்தில் மாவட்ட வாரியங்களும் நகராட்சிகளும் சாலையில் சுங்கச்சாவடி வைத்து வசூல் செய்தன. மாட்டு வண்டிக்கும் கட்டணம், மோட்டாருக்கும் கட்டணம். ஊருக்கு ஊர் நின்று நின்று போக வேண்டியிருந்தது. மோட்டார் வண்டிகள் பெருகியபோது இந்த முறை எல்லோருக்கும் தொல்லையானது. அதனால் 1931ல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சாவடிகளை எடுத்துவிட்டு, மோட்டார் வண்டிகளுக்கு மாகாண அரசே ஒரே வரியை விதித்தது. சாவடி வருமானத்தை இழந்த உள்ளாட்சிகளுக்கு அதிலிருந்து ஈடு கொடுக்கப்பட்டது.

அதாவது, வாகன வரி என்பது சுங்கச்சாவடிக்கு மாற்றாக வந்த ஒன்று. இன்று வரியும் கட்டி, சிதம்பரம் அருகே கொத்தட்டைச் சாவடியில் ஃபாஸ்டேகிலும் பணம் கழிவதைப் பார்க்கும்போது வரலாறு ஒரு சுற்று சுற்றி வந்திருப்பது தெரியும்!

நாடு விடுதலை அடைந்து அரசமைப்புச் சட்டம் வந்தபோது, வாகன வரி மாநிலங்களின் பட்டியலில் 57ஆவது இனமாக வைக்கப்பட்டது. வாகனப் பதிவு, உரிமம் போன்றவை பொதுப் பட்டியலில் 35ஆவது இனத்தில் சேர்ந்தன. இதனால்தான் இந்தியா முழுவதும் பதிவுச் சட்டம் ஒன்றாகவும் வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவும் இருக்கிறது. பழைய கார் வாங்குபவர்களின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

தமிழ்நாட்டில் 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1974ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. முன்பு காலாண்டுக்கோ ஆண்டுக்கோ வரி கட்டி வந்தார்கள். பிற்பாடு சொந்த உபயோகக் கார்களுக்கும் டூவீலர்களுக்கும் ஆயுள் வரி வந்தது. வண்டி வாங்கும்போதே மொத்தமாக ஒரே தடவை கட்டிவிடுவது. கார்களுக்குப் பல ஆண்டுகள் 10 லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று இருந்தது. 2023 நவம்பரில் இது மாற்றப்பட்டு, 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என ஆனது.

இந்த ஆயுள் வரி வண்டியோடு போகும், ஆளோடு போகாது. சிதம்பரத்தில் ஒருவர் வரி கட்டிய காரைக் கடலூர்க்காரர் வாங்கினால், அவர் மறுபடியும் ஆயுள் வரி கட்ட வேண்டியதில்லை. எண்ணும் மாறாது. டி.என். 91 என்ற சிதம்பரத்து எண்ணோடு அந்தக் கார் டி.என். 31 ஊரான கடலூரில் தாராளமாக ஓடலாம். மாற வேண்டியது பெயரும் முகவரியும் மட்டுமே.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் 1 முதல் வாகன வரி வண்டியோடு போவது நிறுத்தப்பட்டது. 1921லிருந்து கார்க் கண்ணாடியில் ஒட்டி வந்த வரி வில்லையும் அன்றோடு ஒழிந்தது. அங்கே பழைய கார் வாங்குபவர், முந்தையவர் கட்டியிருந்தாலும், தானே புதிதாக வரி கட்டிய பிறகுதான் சாலையில் எடுக்க முடியும். விற்றவருக்கு மீதி மாதங்களின் பணம் திரும்பக் கிடைக்கும். அங்கே விற்ற செய்தி பதிவு அலுவலகத்துக்கு உடனே போய்விடும்படி வரியே ஒரு தூண்டுகோல் ஆகிவிட்டது. இங்கே அந்தத் தூண்டுகோல் இல்லை. வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, வண்டியும் ஓடுகிறது, பிறகு ஏன் அலுவலகம் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

'உரிமையாளர்' என்ற சொல் மாறியது

1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1939ல் ஒரு விரிவான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. கை மாறும் வண்டிகளுக்கு அதில் 31ஆவது பிரிவு இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தில் பதிவேட்டுப் பெயர் பற்றிய பேச்சே இல்லை. வண்டி சிறுவரிடம் இருந்தால் அவருடைய காப்பாளர், தவணைக் கொள்முதலில் இருந்தால் கையில் வைத்திருப்பவர் என்று மட்டும் சொன்னது.

1988ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறி, 1989 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று எழுத்துப் பதிவெண்கள் போய் டி.என். 31 போன்ற இன்றைய எண்கள் வந்ததும் அப்போதுதான். இந்தச் சட்டம் சத்தமில்லாமல் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. யாருடைய பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2ஆவது பிரிவின் 30ஆவது உட்பிரிவில் எழுதி வைத்தது.

1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின்படி கார் ஒரு அசையும் பொருள். விலை பேசி, பணம் கொடுத்து, பொருளை ஒப்படைத்தால் விற்பனை முடிந்தது. வீடு, நிலம் போல சார்பதிவாளரிடம் பத்திரம் பதிய வேண்டியதில்லை. ஆகவே விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் கார் வாங்கியவருடையதுதான். ஆனால் அரசுக்கும், விபத்தில் அடிபட்டவருக்கும் முன்னால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரட்டை நிலையின் வேர் இதுதான்.

2018ல் வந்த தீர்ப்பு

இந்த வேர் எவ்வளவு ஆழமானது என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காட்டியது. வட இந்தியாவில் நடந்த ஒரு விபத்து வழக்கு அது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் 2007ல் தன் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு விற்றார். இப்படிக் கார் பல கைகள் மாறியது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009ல் பின்னோக்கி எடுக்கப்பட்ட அந்தக் கார் மோதியதில் ஒரு சிறுவன் இறந்துபோனான்.

இழப்பீட்டை யார் தருவது? விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, எனக்கென்ன சம்பந்தம் என்பது முதல் உரிமையாளரின் வாதம். நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. 1939ஆம் ஆண்டு விளக்கத்திலிருந்து 1988ல் நாடாளுமன்றம் விலகியதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2001லும் 2011லும் வந்த முந்தைய தீர்ப்புகளும் இதே திசையில்தான் இருந்தன.

இது விற்றவருக்கு அநியாயம் போலத் தோன்றலாம். ஆனால் பிள்ளையை இழந்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் விளங்கும். கார் எத்தனை கை மாறியது, எந்தப் புரோக்கர் யாருக்குக் கொடுத்தார், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று துப்பறிவது அவர்கள் வேலையா? தகட்டில் எண் இருக்கிறது. எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்பதற்காகத்தானே பதிவெண் என்ற ஒன்றே வந்தது?

புதுச்சேரி என்னும் அடுத்த வீடு

கடலூர் மாவட்டத்துக்குப் பழைய கார் விஷயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதற்குக் காரணம் பூகோளமும் வரலாறும்.

கடலூர் ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த ஊர். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. 1954 நவம்பர் 1ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வரும் வரை அது வேறு நாட்டு எல்லை. 1962ல் சட்டப்படி இணைப்பு முழுமையானது. ஆனால் புதுச்சேரி தனி யூனியன் பிரதேசமாகவே இருந்தது. 1967ல் அதற்கென ஒரு மோட்டார் வாகன வரிச் சட்டமும் வந்தது. தேச எல்லை மறைந்தது, வரி எல்லை தங்கிவிட்டது.

வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். புதுச்சேரியிலிருந்து அதன் இன்னொரு பகுதியான காரைக்காலுக்குப் போக வேண்டுமானால் முள்ளோடை தாண்டி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி வழியாகத்தான் போக வேண்டும். பி.ஒய். 01, பி.ஒய். 02 எண் வண்டிகள் இந்தச் சாலையில் ஓடுவது அன்றாடக் காட்சி. வழியோடு போகும் வண்டிக்கும் கடலூரிலேயே குடியேறிவிட்ட வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

புதுச்சேரியில் கார் வரி நீண்ட காலமாகக் குறைவு. அதனால் வெளியூர்க்காரர்களும் அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்யும் பழக்கம் வளர்ந்தது. 2017ல் கேரளத்தில் இப்படிப் பதிவான சொகுசுக் கார்கள் மீது பெரிய அளவில் விசாரணை நடந்தது. தமிழ்நாடு அரசு இதற்கு முன்பே, 1990ல், வெளி மாநிலத்தில் வாங்கி உள்ளே கொண்டுவரும் மோட்டார் வண்டிகளுக்கு நுழைவு வரிச் சட்டம் போட்டிருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நுழைவு வரி முறை முடிவுக்கு வந்தது. ஆனால் மாநில வாகன வரி அப்படியே இருக்கிறது.

ஆகவே கடலூர்க்காரர் ஒருவர் புதுச்சேரியில் ஒரு பழைய காரை வாங்கிக் கொண்டுவந்தால், சிதம்பரத்துக் காரை வாங்குவது போல அது முடிந்துவிடாது. முதலில் புதுச்சேரி அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. பெற வேண்டும். பிறகு தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். பழைய இடத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரிய பகுதியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், தானாக வந்துவிடாது. ஒரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநில எண் வாங்க வேண்டும் என்று மத்தியச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. இந்த 12 மாதம் எண்ணுக்கான கெடு. வரி கட்டவும் 12 மாதம் அவகாசம் உண்டு என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வரி எப்போது விழும் என்பதை மாநில வரிச் சட்டம்தான் முடிவு செய்யும்.

விலை மலிவு என்று வாங்கிய கார், வரியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவாக இல்லாமல் போகலாம்!

இன்சூரன்ஸ்

1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த கட்டாயக் காப்பீடு 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இது வண்டிக்காரருக்காக வந்தது அல்ல, சாலையில் போகும் மூன்றாம் நபருக்காக வந்தது.

அதனால்தான் கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்தே புதியவருக்குப் போவதாகச் சட்டத்தின் 157ஆவது பிரிவு கருதுகிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இப்படித் தானாகப் போகாது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. பாலிசியில் பெயர் மாற்றாமல் ஓட்டி மரத்தில் மோதினால் செலவு கைப்பணம்தான். விபத்து கோராமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் 'நோ கிளைம் போனஸ்' விற்றவரோடு போய்விடும், வாங்கியவருக்கு வராது.

கைமாறும்போது செய்ய வேண்டியவை

ஓர் உதாரணம். சிதம்பரத்தில் ஒரு ஆசிரியர் தன் காரைக் கடலூரில் ஒரு கடைக்காரருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டியவை இவைதான்:

1. விற்பவர் படிவம் 29ஐ நிரப்பி, விற்ற 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் என்.ஓ.சி.யோடு 45 நாட்கள்.

2. வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30ஐத் தர வேண்டும். இதில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை உடன் வேண்டும்.

3. கார் வங்கிக் கடனில் வாங்கியதாக இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும்.

4. உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

5. 15 ஆண்டு முடிந்த காராக இருந்தால் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுப்பித்தல் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

6. வரி பாக்கியோ அபராத பாக்கியோ உள்ளதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

பெயர் மாற்றம் உள்ளிட்ட பல சேவைகளுக்கு ஆதார் மூலம் இணையத்தில் விண்ணப்பிக்க 2022 செப்டம்பரில் மத்திய அரசு வழி செய்தது.

நடுவில் நிற்கும் வியாபாரிகள் விஷயம்தான் நெடுநாள் ஓட்டையாக இருந்தது. கார் வியாபாரியிடம் மாதக்கணக்கில் நிற்கும். அதுவரை பதிவேட்டில் பழையவர் பெயரே இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கும் விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்து, அதைப் படிவம் 29சி மூலம் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆளுக்கு விற்கும் வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆனால் அங்கீகாரம் இல்லாத புரோக்கரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முடிவாக...

1893ல் பாரிஸில் எழுந்த கேள்வி "இந்த வண்டிக்கு யார் பொறுப்பு?" என்பது. 1931ல் சென்னை மாகாணத்தில் எழுந்த கேள்வி "இந்தச் சாலைக்கு யார் பணம் தருவது?" என்பது. இரண்டாவது கேள்விக்கு ஆயுள் வரி ஒரே தடவையில் பதில் சொல்லிவிட்டது. முதல் கேள்விக்கு ஒவ்வொரு முறை வண்டி கைமாறும்போதும் புதிதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலுக்குத்தான் பெயர் மாற்றம் என்று பெயர்.

ஒருநாள் அலுவலகத்துக்கு அலைய வேண்டும், சில நூறு ரூபாய் கட்டணம் ஆகும். அதைச் சோம்பலில் விட்டால், விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரின் வீட்டு வாசலில் பல ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றச் சம்மன் வந்து நிற்கலாம். காரை விற்கும் நாளில் சாவியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பதிவேட்டில் பெயர் மாறிய நாளில்தான் அந்தக் கார் உண்மையில் விற்கப்படுகிறது.